ஊரை எழுதிவைப்போம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று அலுவலகம் ஒன்றுக்குப் போனால் அங்கே கேட்கப்படும் தாள்கள் எவை என்பது எமது வாசகர்களுக்கு மனப்பாடம். குடும்ப அட்டை, அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப் பத்திரம், கிராம அலுவலரின் கடிதம். ஒரு குடும்பம் யார், அதற்கு எவ்வளவு காணி உண்டு என்பதை இவை சொல்லும். அந்தக் குடும்பம் எந்த ஊரின் குடும்பம், அந்த ஊர் எப்படி உண்டாயிற்று, எப்படிச் சீவித்தது என்பதைச் சொல்லும் தாளை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் எம்மிடம் அது இல்லை.

காணி விடுவிப்பு அறிவிப்புகளும் இப்படித்தான். இத்தனை ஏக்கர் விடப்பட்டது, இத்தனை ஏக்கர் எஞ்சியுள்ளது என்றே செய்தி வரும். ஏக்கர் என்பது நிலத்தின் அளவு. ஊரின் அளவு அல்ல. குளமில்லாத வயலையும், பாதையில்லாத குளத்தையும், சுடலையில்லாத குடியிருப்பையும் ஏக்கர் கணக்கிலே கொடுத்துவிடலாம். ஊராகக் கொடுக்க முடியாது.

ஆகவே, இடம்பெயர்ந்த ஒவ்வோர் ஊரும் தனது வரலாற்றைத் தானே எழுதிவைக்க வேண்டும். விபரம் தெரிந்த முதியவர்கள் எம்மோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. திரும்பிப் போவதற்கும், திரும்பிய பின் சண்டையின்றி ஒன்றாக வாழ்வதற்கும் அது வேண்டும் என்பதாலேயே சொல்லுகிறோம்.

முள்ளிக்குளத்தின் பட்டியல்

மன்னார் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில், முசலிப் பிரதேச செயலகப் பிரிவில், கடற்கரைக்கும் வில்பத்துக் காட்டுக்கும் அருகே இருப்பது முள்ளிக்குளம். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஊர். பரலோகமாதா கோவிலைச் சூழ வாழ்ந்த அந்த மக்கள் வயல் செய்தனர்; கடலுக்குப் போயினர்; மாடும் வளர்த்தனர். மழை பொய்த்தால் கடல் சோறு போடும். கடல் கொந்தளித்தால் கோட்டையில் நெல் இருக்கும். இரண்டு காலில் நின்ற சீவியம் அது.

2007 செப்டெம்பர் 8ஆம் திகதி படையினரின் பணிப்பின்பேரில் அந்த ஊர் வெறுமையானது. மூன்று நாளில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பியே சனம் புறப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆனால் ஊருக்குள்ளே வடமேற்குக் கடற்படைத் தலைமையகம் அமைந்துவிட்டிருந்தது. 2012இல் ஒரு பகுதிக் குடும்பங்கள் அருகிலுள்ள மலங்காட்டில் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டன. இன்னும் சில குடும்பங்கள் காயாக்குளியில் இருந்தன. 2017 மார்ச் 23ஆம் திகதி மக்கள் தமது ஊர் வாசலிலேயே குந்தியிருந்து போராட்டத்தைத் தொடங்கினர். பெண்களே அதில் முன்னுக்கு நின்றனர். ஏப்ரல் 29ஆம் திகதி, 100 ஏக்கர் காணியை உடனே விடுவதாகவும், வீடுகள் இருந்த பகுதியைச் சில மாதங்களில் விடுவதாகவும் கடற்படைத் தரப்புச் சொல்லிற்று. அந்த மாதங்கள் கடந்தன. சொன்ன தவணையில் வீடுகள் கைக்கு வரவில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சிறு விடயம் உண்டு. முள்ளிக்குளத்து மக்கள் தமது கோரிக்கைகளை முன்வைத்தபோது ‘எங்கள் காணியைத் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லவில்லை. கோவில், பாடசாலை, தபாற் கந்தோர், கூட்டுறவுக் கடை, வாசிகசாலை, பொதுக் கிணறுகள், குளங்கள், சேமக்காலை என்று ஊரில் இருந்தவை எல்லாவற்றையும் பட்டியலிட்டே கேட்டனர். கல் வீடும் மண் வீடும் எத்தனை என்று எண்ணிச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் வெறும் சொத்துக் கணக்கன்று. ‘நாங்கள் தனித்தனிக் குடும்பங்களாக அல்ல, ஊராக இருந்தோம், ஊராகவே திரும்ப விரும்புகிறோம்’ என்ற வாக்குமூலம் அது. எழுதப்படாமல் இருக்கும் ஊர் வரலாற்றின் முதற் பக்கம் அது என்றே நாம் கொள்ளுகிறோம்.

ஊர் என்பது ஓர் ஒழுங்கு

முதற் பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கட்டடங்களையும் கிணறுகளையும் எண்ணிவிட்டால் ஊர் முடிந்துவிடாது. அவற்றைப் பயன்படுத்திய ஒழுங்குதான் ஊரின் உயிர்.

எமது வரண்ட பிரதேசத்தில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான வாடைக் காலத்தில்தான். அந்த மழையைத் தேக்கிவைத்தே ஆண்டு முழுவதும் மனிதரும் மாடும் பயிரும் பிழைக்க வேண்டும். கட்டுக்கரைக் குளம் போன்ற பெருங்குளமானாலும், பத்து வீட்டார் சேர்ந்து காக்கும் சிறு குளமானாலும் சட்டம் ஒன்றுதான்: தண்ணீர் தனியாளுக்குச் சொந்தமில்லை. காலபோகத்துக்கு எந்த நாளில் விதைப்பது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர், துருசைத் திறப்பது யார், வாய்க்கால் வெட்ட ஒவ்வொருவருக்கும் எத்தனை முழம், வேலி அடைக்கப் பிந்தியவன் மாடு தின்ற பயிருக்கு வழக்காட வரலாமா, குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எந்தப் பகுதியை மட்டும் பங்கிட்டு விதைப்பது, இவை எல்லாவற்றுக்கும் ஊரில் பதில் இருந்தது. கமக்காரர் கூட்டத்திலே பேசித் தீர்த்தார்கள். பேசித் தீர்த்ததைப் பெரும்பாலும் எவரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. பேரன் தாத்தாவோடு வயலுக்குப் போய்க் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டான்.

இடப்பெயர்வு முறித்தது இந்தச் சங்கிலியைத்தான். வீடு இடிந்தால் திரும்பக் கட்டலாம்; அதற்குத் திட்டங்களும் வந்தன. தாத்தாவோடு வயலுக்குப் போகாத பேரனுக்கு அந்தப் பாடத்தை எந்த வீட்டுத் திட்டம் கொடுக்கும்? 2007இல் கைக்குழந்தையாக முள்ளிக்குளத்தை விட்டுப் போன பிள்ளை இன்று வளர்ந்த ஆள். 1990இல் மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கெனத் திறக்கப்பட்ட நிலையங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று தாமே தாய் தகப்பன்மார். அவர்களுக்கு ஊர் என்பது பெற்றார் சொன்ன கதை. கதை சொல்ல ஆள் இல்லாத நாளில் அதுவும் போய்விடும்.

வேறிடங்களில் திரும்பிக் குடியேறிய ஊர்களில் எழும் வழக்குகளைப் பாருங்கள். எல்லை எது, பொதுப் பாதை எது, இந்த மேட்டுக் காணி மாடு மேய விட்டதா அல்லது ஒருவருடைய அனுமதிப் பத்திரத்துக்குள் வருவதா என்று அயலவர் மோதுகிறார்கள். இருபது ஆண்டு காடு பற்றிய நிலத்தில் மரமும் இல்லை, வேலியும் இல்லை, சாட்சியும் இல்லை. வெளியிலிருந்து ஒருவன் வந்து பிடித்த காணியை விட, எம்மவர் எம்மவரோடு பிணக்குப்படும் காணிதான் சில இடங்களில் மனதை அதிகம் முறிக்கிறது. ஊரின் ஒழுங்கு ஒரு கொப்பியில் எழுதியிருந்தால் பாதி வழக்கு மன்றுக்குப் போகாது.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

மன்னாரைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மாதோட்டம் பழங்காலத் துறைமுகம். திருக்கேதீச்சரத்தைத் தேவார முதலிகள் பாடினார்கள். 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவைத் திருச்சபை போற்றுகிறது. 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் மன்னாரைப் பிடித்த செய்தி பாடப் புத்தகத்திலும் உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679இல் ஆற்றங்கரை வழியே தப்பி வந்து சேர்ந்தது எமது அரிப்புக் கோட்டைக்குத்தான். ஆங்கில ஆட்சியின் முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடவென அரிப்பிலே ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடு கடலரிப்பிலே இன்றும் சரிந்துகொண்டிருக்கிறது. மன்னாரில் உதவி அரசாங்க அதிபராக இருந்த போக் என்பவர் 1888இல் இம்மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் இவை பெரும்பாலும் எவற்றின் வரலாறு? அரசரின் வரலாறு, கோட்டையின் வரலாறு, முத்தின் வரலாறு, வரியின் வரலாறு. சிப்பி எத்தனை அள்ளினார்கள் என்ற கணக்கு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது, எழுதினார்கள். ஒல்லாந்தர் நிலத்தையும் ஆட்களையும் தோம்பு என்னும் ஏட்டில் பதிந்ததும் வரிக்கும் ஊழியத்துக்குமே. ஒரு சிறு குளத்தின் கட்டை யார் முதலில் கட்டினார்கள், எந்த வெள்ளத்தில் அது உடைத்தது, உடைத்த இரவில் எந்தெந்த வீட்டார் மண் சுமந்தார்கள் என்பது எந்த அரசாங்கத்துக்கும் தேவைப்படவில்லை. அது எமக்குத்தான் தேவை. எமக்குத் தேவையானதை நாமே எழுத வேண்டும்.

இங்கிலாந்தின் இரண்டு ஊர்கள்

எழுதிவைத்தால் மட்டும் ஊர் கிடைத்துவிடுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட எம்மை ஆண்ட நாட்டுக்கே சற்றுப் போய்வருவோம். அங்கேயும் படைத் தேவைக்காக வெறுமையாக்கப்பட்ட சிறு கமக்கார ஊர்கள் உண்டு. இரண்டை மட்டும் சொல்லுவோம்.

தென் இங்கிலாந்தின் சோல்ஸ்பரிச் சமவெளியில் உள்ளது இம்பர். பட்டணங்களுக்குத் தொலைவாக, ஒரு சிற்றோடையின் ஓரத்தில் ஒரே தெருவாக நீண்டிருந்த ஊர். ஆடு மேய்ப்பும் தானியச் செய்கையும் அதன் தொழில். டோர்செற் பகுதியின் கடற்கரையோரம் உள்ளது டைனம். அங்கே உழவரும் இருந்தனர். அருகிலுள்ள குடாவில் மீனவக் குடும்பங்களும் இருந்தன. முள்ளிக்குளத்தாருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. 1086இல் இங்கிலாந்தின் அரசன் வரிக்காக எடுத்த பெருங் கணக்கேட்டிலேயே இரண்டு ஊர்களின் பெயரும் இருக்கின்றன. இவை செல்வம் கொழித்த ஊர்களும் அல்ல. டைனத்துப் பாடசாலை பிள்ளைகள் குறைந்ததால் 1932இலேயே மூடப்பட்டுவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், படைப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று இரண்டு ஊர் மக்களும் வெளியேற்றப்பட்டனர். இம்பர் மக்களைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு 47 நாள் தவணை கொடுத்தார்கள். நத்தாருக்கு முன் இரண்டு ஊர்களும் வெறுமையாயின. போர் முடிந்ததும் திரும்பலாம் என்றே சனம் நம்பிப் போயிற்று. டைனத்தார் போகும்போது, நாம் திரும்பி வருவோம், அதுவரை கோவிலையும் வீடுகளையும் கவனமாகப் பாவியுங்கள் என்ற கருத்தில் கோவிற் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் திரும்பவில்லை. டைனத்து நிலத்தை 1948இல் அரசு கட்டாயக் கொள்வனவாக எடுத்துக்கொண்டது. இம்பரின் நிலத்தைப் போருக்கு முன்னரே படை அமைச்சு பெருமளவு வாங்கியிருந்தது. அங்கிருந்தோர் பலர் குத்தகைக் குடிகளாகவே இருந்தனர். 1961 ஜனவரியில் பெருந்திரளானோர் இம்பருக்குள் நுழைந்து கூடித் தமது உரிமையைக் கேட்டார்கள். விசாரணை நடந்தது, படையிடமே ஊர் விடப்பட்டது. கோவில் மட்டும் காக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பாதுகாவலரான புனித கைல்ஸின் திருநாளை ஒட்டி அங்கே வழிபாடு நடக்கிறது. இம்பர் கோவிலின் கோபுரச் சுவரில், மணிகளை எந்த ஒழுங்கில் அடிப்பது என்று 1692இல் எழுதிய எழுத்து இன்றும் இருக்கிறது. ஒழுங்கு சுவரில் உண்டு. அதன்படி மணியடிக்க ஊரவர் இல்லை.

டைனத்தில் கோவிலும் பாடசாலையும் இன்று காட்சிக்கூடங்கள். அங்கே வாழ்ந்த குடும்பங்களின் கதைகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. வார இறுதிகளில் படை பாதையைத் திறந்துவிடும்போது சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஏடு அழகாக இருக்கிறது, ஊர் இல்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு பக்கம் உள்ளது. ஒன்று, வரலாறு எழுதுவது திரும்பிப் போவதற்கு மாற்று அல்ல. குடிகள் திரும்பாத ஊரின் வரலாறு நூதனசாலைப் பொருளாகிவிடும். உங்கள் நினைவுகளைச் சேகரித்துத் தருகிறோம், காணியை மறந்துவிடுங்கள் என்று எவராவது வந்தால் அதற்கு நாம் இணங்கக் கூடாது. மற்றது, எமது நிலை அந்த இரண்டு ஊர்களின் நிலைக்கு எதிர்மாறானது. அவர்களிடம் ஏடு உண்டு, ஆள் இல்லை. எம்மிடம் ஆள் உண்டு, ஏடு இல்லை. ஆள் இருக்கும்போதே ஏட்டை உண்டாக்கிக் கொண்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஏடு கையில் இருக்கும் சனம் வாசலில் நிற்கும்போது அதன் சொல்லுக்கு நிறை கூடும்.

வேதம் காட்டும் ஏடு

இது வேதத்துக்குப் புதிய எண்ணம் அல்ல. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு நிற்கிறார்கள். எரேமியா இறைவாக்கினர் சிறையில் இருக்கிறார். நாடு விழப்போகிறது என்று அறிவித்தவரே அவர்தான். அந்த நேரத்தில் சொந்த ஊரான அனத்தோத்தில் உள்ள ஒரு நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்து அவர் வாங்குகிறார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுங்காலம் கெடாதபடி மட்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். எதிரியின் படை மிதித்து நிற்கும் நிலத்துக்கு உறுதி எழுதுவது மடமை அல்லவா? இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையே அந்த மட்பாண்டத்துக்குள் இருந்தது.

பின்னர் அடிமைத்தனத்திலிருந்து திரும்பியோரின் கணக்கை எஸ்ரா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம் ஊர் ஊராகச் சொல்லுகிறது. பெத்லகேம் ஊரார் 123 பேர். அனத்தோத்து ஊரார் 128 பேர். எரேமியாவின் ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! அதே அதிகாரத்தில் மனதைக் குத்தும் வேறொரு செய்தியும் உண்டு. தமது பூர்வீகத்தை நிரூபிக்க முடியாத குடும்பங்கள் சில இருந்தன. தம் பெயரைப் பதிவேட்டில் காணாத குருக்களின் குடும்பங்கள் பணியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டன. திரும்பி வந்த பின்னும் ஏடில்லாதவன் வெளியே நிற்க நேர்ந்தது. இது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய கதை. பிரதேச செயலகத்து வாசலில் நிற்கும் எம்மவருக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

எதை எழுதுவது, எப்படி எழுதுவது

வரலாறு எழுதுவது படித்தவர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். ஒரு நூற்றிருபது தாள் கொப்பியும், எழுத்து ஓடும் ஒரு பிள்ளையும், கேட்கப் பொறுமையும் இருந்தால் போதும். எமது யோசனைகள் இவை.

முதலாவது, இடப் பெயர்கள். ஒவ்வொரு குளத்தின் பெயர், ஒவ்வொரு வயல்வெளியின் பெயர், வாய்க்கால், ஒழுங்கை, கிணறு, மாடு மேய்ந்த தரவை, கோவிற் காணி, சேமக்காலை. பெயர் வந்த காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு நிலத்திலோ கரும்பலகையிலோ முதியவர்களைக் கொண்டு ஒரு வரைபடம் கீறி அதைத் தாளில் படியெடுங்கள். அளவு பிழைத்தாலும் பரவாயில்லை. எதற்குக் கிழக்கே எது என்பது சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வீடுகள். தெரு ஒழுங்கில் எந்தக் குடும்பம் எங்கே இருந்தது, எந்த ஆண்டில் எங்கே பெயர்ந்தது, இன்று எங்கே இருக்கிறது. இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களையும் விடாதீர்கள்.

மூன்றாவது, ஒழுங்குகள். தண்ணீர்ப் பங்கு, மாடு கட்டும் நாள், வேலி அடைப்பு, சூடு மிதிப்பில் கொடுத்துமாறிய உழைப்பு, திருநாள் முறை, செத்தவீட்டுக்கு யார் என்ன செய்வது. வாசாப்புப் போட்ட ஊரானால் யார் எந்த வேடம் கட்டினார்கள் என்பதையும் எழுதலாம்.

நான்காவது, சான்றுகள். ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகள் பல பங்குகளில் போரைத் தாண்டியும் காப்பாற்றப்பட்டுள்ளன. பங்குத்தந்தையரை அணுகி உதவி கேளுங்கள். பாடசாலை இடாப்பு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு, பழைய படம், வரி கட்டிய துண்டு எதையும் எறிய வேண்டாம். மூலத்தை உரியவரே வைத்திருக்கட்டும். படியை மட்டும் சேருங்கள். ஊரின் ஏட்டுக்குக் குறைந்தது மூன்று படிகள் வேண்டும். ஒன்று ஊரில், ஒன்று கோவிலில், ஒன்று தூரத்தில் நம்பிக்கையான இடத்தில். ஒரே பெட்டியில் இருப்பது ஒரே நாளில் போய்விடும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

ஐந்தாவது, கவனம். ஒருவர் சொன்னதை வேறிருவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவருக்கு ஆபத்தோ அவமானமோ தரக்கூடியதை எழுதாதீர்கள். யார் எந்த இயக்கத்தில் இருந்தார், யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பது இந்தக் கொப்பிக்கு உரியதல்ல. இது ஊரின் ஏடு, வழக்கேடு அல்ல.

யாரையும் விட்டுவிடாமல்

இனிச் சொல்வது சற்றுக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமல் விடமுடியாது.

ஊர் வரலாறு என்ற பெயரில் பெரிய குடும்பங்களின் வரலாற்றை மட்டும் எழுதிவிடும் பழக்கம் எம்மிடம் உண்டு. குளத்தின் கீழே பத்து ஏக்கர் வைத்திருந்தவரின் பெயர் வரும். அந்தப் பத்து ஏக்கரில் கூலிக்கு நாற்று நட்டவளின் பெயர் வராது. காணியில்லாதவர்களும் ஊரவர்களே. 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் அடிபட்டு வந்து வன்னி மண்ணில் காடு வெட்டிக் குடியேறியவர்களும் ஊரவர்களே. பெண்களைத் தனியாக இருத்திக் கேளுங்கள். கிணற்றின் சுவை, விதை நெல் வைத்த முறை, பஞ்ச காலத்தில் காட்டில் எடுத்த கிழங்கு, பிரசவத்துக்கு ஓடிய பாதை எல்லாம் அவர்களுக்கே தெரியும். உறுதி ஆணின் பெயரில் இருந்தாலும் ஊர் இருவராலும் நடந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் அவர்கள் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போனார்கள். முள்ளிக்குளத்துக்கு அயலே மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகியவை அவர்களின் ஊர்கள். இருபது ஆண்டுக்குப் பின் அவர்கள் திரும்பியபோது வயலும் வளவும் காடாகக் கிடந்தன. 2012இலும் 2017 மார்ச்சிலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதியின் பெருநிலத்தை ஒதுக்கக் காடாகவும் பேணற் காடாகவும் காட்டின. தம் பாட்டன் உழுத நிலத்தில் பற்றை வெட்டியவர்கள் காடழிப்போர் என்று பெயர் வாங்கினார்கள். காடும் எமக்கு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் எது பழங்காடு, எது ஆளில்லாததால் காடான ஊர் என்று காட்ட ஓர் ஊரேடு இருந்திருந்தால் அந்தச் சண்டையின் பாதி குறைந்திருக்கும்.

ஆகவே முசலியின் வரலாற்றை எழுதும் தமிழ்க் கத்தோலிக்கன் தன் முஸ்லிம் அயலவனை விட்டு எழுதினால் அது பொய்யான ஏடு. அவர்களுடைய ஏட்டிலும் நாம் இருக்க வேண்டும். ஒரே மழையைத் தேக்கி, ஒரே சந்தையில் விற்று, ஒரே கடலில் வலை போட்டவர்கள் நாம். ‘நாங்கள் முந்தி வந்தோம், நீங்கள் பிந்தி வந்தீர்கள்’ என்று நிரூபிக்க எழுதும் வரலாறு இன்னோர் இடப்பெயர்வுக்கே வித்திடும். அயலூரார் இருவர் கையெழுத்திட்ட ஊரேட்டுக்கு இருக்கும் மதிப்பு, நாமே எழுதி நாமே மெச்சும் ஏட்டுக்கு இராது.

இப்போதே தொடங்குவோம்

நாளைய சோற்றுக்கு வழி தேடும் குடும்பத்திடம் வரலாறு எழுதச் சொல்வது பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். வயலுக்குப் போக வேண்டாம், வரலாறு எழுதுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சங்கக் கூட்டம் நடக்கிறது. அதில் அரை மணி நேரம் ஒரு முதியவரைப் பேச விடலாம். மாதர் சங்கத்தில் ஒரு பிள்ளை எழுதலாம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் தம் பாட்டனிடமும் பாட்டியிடமும் பத்துக் கேள்வி கேட்டு வரும் வேலையைக் கொடுக்கலாம். திருநாளுக்கு எங்கெங்கோ இருந்து ஊரவர் கூடுகிறார்கள். அன்று மாலை கோவில் முற்றத்தில் எழுதியதை உரத்து வாசித்தால், விட்டுப்போனதைச் சனமே எடுத்துக் கொடுக்கும். பிழையையும் அங்கேயே திருத்தும். இதற்குப் பணம் தரும் நிறுவனம் எதையும் காத்திருக்கத் தேவையில்லை.

அபிவிருத்தி என்பது வீதியும் கட்டடமும் என்று நெடுங்காலம் எமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. வீதி வரட்டும், கட்டடமும் வரட்டும். ஆனால் தான் யார் என்று தெரியாத ஊருக்கு எவர் திட்டம் போட்டாலும் அது அவர்களுடைய திட்டமாகவே இருக்கும். எந்தக் குளத்தை முதலில் திருத்துவது, எந்தப் பாதையைத் திறப்பது, சேமக்காலையை எங்கே விடுவது என்று ஊரே எழுதி வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தால், அதிகாரியும் அதை வாசித்துவிட்டே பேச வேண்டியிருக்கும்.

அடுத்த திருநாளுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் வயது மூத்த ஐந்து பேரின் பெயரை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியை வாங்கி, முதற் பக்கத்தில் ஊரின் பெயரை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் குளத்தின் பெயரை எழுதுங்கள். மிகுதியை அந்த ஐந்து பேரும் சொல்லுவார்கள்.